கழுத்தில் கட்டிய முடி

குணவதிக்கு அந்த ரப்பர் தோட்டத்தில் ‘ஈக்காரி’ என்று ஒரு பெயர் இருந்தது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பிறகு, “ஈக்காரி வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பாம்?” என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஊரே ஈயை அடித்து விரட்டிக்கொண்டிருக்க, மாதச் சம்பளம் வாங்கி ஈயை வளர்த்தவள் அவள் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. மலேசியாவில், சுங்கைப்பட்டாணியிலிருந்து சிடாம் கிரி போகிற சாலையில், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், கொய்யாவும் பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழ மரமும் வைத்த ஒரு தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். கொய்யாப் பழத்துக்குள் புழு வைக்கிற பழ ஈயைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு விடியலில் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகக் குணவதிக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. யாரோ சொல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

வேலை என்னவோ சமையல் வேலை மாதிரிதான். கனிந்த வாழைப்பழத்தை மசித்து, சீனியும் ஈஸ்ட்டும் போட்டு, அகார் அகார் காய்ச்சி ஊற்றித் தட்டுத் தட்டாக ஆற வைப்பாள். ஈ முட்டையிட்டுப் புழு வந்ததும் அந்தத் தட்டில் விடுவார்கள். புழு தின்று கொழுத்து, மரத்தூளுக்குள் இறங்கிக் கூடாகிவிடும். பிறகு ஒரு காலை நேரத்தில் கூட்டைப் பிளந்துகொண்டு ஈ வெளியே வரும். புது ஈயை முதன்முதலாகப் பார்த்தபோது, “ஐயோ, இதென்ன சார், வெந்த சோத்துப் பருக்கையாட்டம் இருக்கு!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படித்தான் இருந்தது. வெளுத்து, கொழகொழவென்று, இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு குச்சியில் ஏறி நிற்கும். இறக்கை மெல்ல விரியும். தோல் இறுகிக் கறுக்கும். மஞ்சள் கோடுகள் துலங்கும். நாம் காலைப் பசியாறி முடிப்பதற்குள் முழு ஈ ஆகிவிடும்.

அந்த நிலையத்து அதிகாரி வால்டர். சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங் பகுதியில் குடியிருந்தார். வெளிநாட்டில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டார். மற்ற நாட்களில் ஈ அறையைவிட்டு வரமாட்டார். புட்டி கழுவுகிற அக்னஸ் என்கிற இளம்பெண்தான் அவரைத் துணிந்து கிண்டல் பண்ணுவாள். “சார் வீட்டுல மேடம் கூப்பிட்டா கேக்காது லா, ஈ கூப்பிட்டாதான் கேக்கும்.”

“ஈக்குள்ளே அதோட தலை கூப்பிடுறது எனக்குக் கேக்கணும் அக்னஸ். அதுக்குத்தான் சம்பளம்” என்பார் வால்டர்.

அவர் தேடிக்கொண்டிருந்தது அதுதான். வெளுப்பாக வந்த ஈ எப்படிக் கறுக்கிறது? யார் அதற்குச் சொல்கிறார்கள்? ஒரு நாள் தேநீர் வேளையில் குணவதிக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“தலைக்குள்ளே சின்னச் சின்னச் சரக்கு உண்டாகுதும்மா. பாசிமணி கோத்த சரம் மாதிரி. மணி வரிசை மாறினா வேலையும் மாறும். ஒரு சரம் ரத்தத்துல போய், ‘கூட்டை விட்டு வெளியே வா’ன்னு சொல்லும். ஒரு சரம் குடலைப் பிடிச்சு அமுக்கும். ஒண்ணு, மிச்சத் தண்ணிய வெளியே தள்ளச் சொல்லும். இன்னொரு சரம்தான் தோலைப் பார்த்து ‘இறுகு, கறு’ன்னு சொல்லுது. கறியில மொய்க்கிற பெரிய நீல ஈயில இத வெளிநாட்டுல கண்டுபிடிச்சிட்டாங்க. நம்ம கொய்யா ஈயிலயும் அப்படித்தானான்னு பாக்கணும்.”

“எப்படி சார் பாப்பீங்க?”

“வெளியே வந்த உடனே கழுத்துல கட்டிடணும். தலையில இருந்து ரத்தம் கீழே இறங்கக் கூடாது. அப்பவும் கறுத்தா என் எண்ணம் தப்பு.”

கேட்கச் சுலபமாக இருந்தது. கட்டுவதுதான் முடியவில்லை. ஐஸ் கட்டிமேல் கண்ணாடித் தட்டு வைத்து, அதில் ஈயைப் படுக்க வைத்தால் சற்று நேரம் அசையாமல் கிடக்கும். அதற்குள் சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். தையல் நூல் அந்தக் கழுத்துக்கு வடக்கயிறு மாதிரி இருந்தது. பட்டு இழை தலையையே அறுத்துவிட்டது. வால்டர் தன் முடியைப் பிடுங்கிப் பார்த்தார்; குட்டை. குணவதியின் முடி தடிப்பு. முடிச்சு நிற்காமல் விறைத்தது.

“என்னைப் பாக்காதீங்க சார். என்னுது சுருட்டை, கட்டினா ஸ்பிரிங்கு மாதிரி எகிறிக்கும்” என்றாள் அக்னஸ்.

“சின்னப் பிள்ளை முடி இருந்தா நல்லாருக்கும்” என்றார் வால்டர், யாரையும் பார்க்காமல்.

“எம் மவன் முடி ரொம்ப சன்னம் சார்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று குணவதிக்கு உறைத்தது.

அவள் மகன் குழந்தைவேலுவின் தலைமுடி அவளுடையது அல்ல. அவள் கணவன் இருளப்பனுடையதும் அல்ல. தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு, சுங்கைப்பட்டாணி முருகன் சன்னதியில் இருவரும் ஈரத் துணியோடு நின்று வேண்டிக்கொண்டது: பிள்ளை தங்கினால் உன் பெயரையே வைக்கிறோம், மூன்று வயது நிறைகிற வரை தலையில் கத்தி படாமல் வளர்க்கிறோம், சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் உன் வாசலில் முடி இறக்குகிறோம். இருளப்பன் பால் மரம் வெட்டுகிற மனிதன். அதிகம் பேசமாட்டான். ஆனால் அந்தத் தலையை அவன் எண்ணெய் தடவித் தடவிப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், சாமி சொத்தைக் காவல் காக்கிறவன் மாதிரி இருக்கும். சீப்பில் வருகிற முடியைக்கூட வெளியே எறியவிடாமல் ஒரு மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்து வைத்திருந்தான்.

முதலில் குணவதி அந்தத் துணியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். ‘உதிர்ந்ததுதானே’ என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். உதிர்ந்த முடி காய்ந்து போயிருந்தது, இறுக்கும்போது அறுந்தது. மறுநாள் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது பின்னந்தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள். பிள்ளை முகம்கூடச் சுளிக்கவில்லை. ‘கத்திதானே படக் கூடாது. கத்தி படலையே’ என்று நினைத்தாள். அதற்குப் பிறகு பிடுங்குவது எளிதாகிவிட்டது.

அந்த முடியில் முடிச்சு நின்றது. வால்டர் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுருக்கை இறுக்கினார். பிறகு குணவதிக்கும் கற்றுக்கொடுத்தார். அவள் கட்டுவது அவர் கட்டுவதைவிடச் சுத்தமாக வந்தது என்று அவரே சொன்னபோது, இத்தனை வயதில் தன்னை ஒருவர் வேலைக்காகப் பாராட்டினார் என்ற பூரிப்பில் அவளுக்குக் கண் கலங்கியது.

கட்டிய ஈக்கள் கறுக்கவில்லை. பக்கத்துத் தட்டில் கட்டாத ஈக்கள் கறுத்து, எழுந்து, வலைக்கூண்டில் முட்டிக்கொண்டிருந்தன. கட்டியவை சாகவும் இல்லை. வெளுத்த உடம்போடு, இறக்கை விரியாமல், கால்களை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு கிடந்தன. வயிற்றுத் தோல் வழியாக உள்ளே துடிப்பது தெரிந்தது.

“பாருங்க, இந்தக் கழுத்துக்கு மேலே உத்தரவு இருக்கு. கீழே இறங்க வழியில்ல” என்றார் வால்டர். அவர் முகத்தில் சந்தோஷம்.

குணவதி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளுப்பு. மென்மை. உப்பிய வயிறு. எழுந்து நிற்காத கால். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. சாயங்காலம் ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது, எங்கே பார்த்தோம் என்று தெரிந்துவிட்டது.

குழந்தைவேலுவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. உட்காருவான், நிற்கமாட்டான். வயிறு உப்பி, தொப்புள் துருத்திக்கொண்டிருக்கும். நாக்கு எப்போதும் உதட்டுக்கு வெளியே. தொட்டால் தோல் சில்லென்று, சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும். அழமாட்டான். அழுதாலும் தொண்டை கட்டிய மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். அவனைப் பார்த்து யாரும் கவலைப்பட்டதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ராக்காயி ஆயா, “இவன மாதிரி எல்லாப் புள்ளையும் இருந்துட்டா எனக்கு என்னடி வேலை? தங்கம்டி ஒம் புள்ள, வச்ச எடத்துல இருக்கான்” என்பாள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்ஸர், “சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்” என்றிருந்தார். இருளப்பனோ, “முடி எறக்கட்டும், முருகன் நடக்க வச்சிருவான்” என்று உறுதியாக இருந்தான். சித்திரைக்காகத்தான் காத்திருந்தான்.

இப்போது குணவதிக்கு அந்தச் சித்திரையை நினைத்தாலே பயமாக இருந்தது. முருகனுக்கு என்று விட்ட முடியை எடுத்து உயிருள்ள பூச்சிகளின் கழுத்தில் சுருக்குப் போட்டிருக்கிறாள். அந்தப் பூச்சி கிடக்கிற மாதிரியே தன் பிள்ளை கிடக்கிறான். வேலைக்கு வருவதற்கு முன்பே அவன் இப்படித்தான் இருந்தான் என்பதை மறந்துபோய், முடி பிடுங்கிய பிறகுதான் பிள்ளை இப்படி ஆனான் என்றே நம்ப ஆரம்பித்தாள். மறுவாரம், “கண்ணு எரியுது சார்” என்று சொல்லி முடிச்சுப் போடுகிற வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டாள்.

அப்படியிருக்கையில் ராக்காயி ஆயாவுக்குக் காய்ச்சல் வந்து ஆயாக் கொட்டகை மூடிக் கிடந்தது. குணவதி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்து, புட்டி கழுவுகிற இடத்தில் ஒரு சாக்கில் உட்கார வைத்தாள். அக்னஸ் சோப்பு நுரையை ஊதி ஊதி அவனுக்குக் காட்டினாள்.

“என்னடா, சிரிக்கவே மாட்டேங்கிற? கடை முதலாளி தவுக்கே மாதிரி உக்காந்திருக்கான் பாருங்க அக்கா.”

அவள் குரலில் இருந்த விளையாட்டுப் போகப் போகக் குறைந்தது. நுரை மூக்கில் வந்து உடைந்தும் பிள்ளை கண்ணைச் சிமிட்டவில்லை. அக்னஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வால்டரைக் கூட்டி வந்தாள்.

வால்டர் பிள்ளையின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

“குணவதி, நான் டாக்டர் இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இப்பவே கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அவர் காரிலேயே போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், அது பினாங்குக்குப் போய் வர நாளாகும் என்றார்கள். முடிவு வந்ததும் மறுபடி வால்டர் காரில்தான் போனார்கள். இருளப்பனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. டாக்டர் ஒரு சீனத்துப் பெண்மணி; மலாயில் பேசினார். பிள்ளையின் தாடையை நிமிர்த்தி, கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரலை வைத்து, “டி சினி” என்றார். இங்கே. இந்தக் கழுத்தில் ஒரு சுரப்பி இருக்க வேண்டும். இவனுக்கு அது வேலை செய்யவில்லை. அதனால்தான் வளர்ச்சி இல்லை.

குணவதிக்கு அதற்குப் பிறகு டாக்டர் பேசியது காதில் ஏறவில்லை. கழுத்து என்ற ஒரு சொல்தான் ஏறியது.

காரில் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ரப்பர் மரங்கள் இருபக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். வால்டர் பயந்துபோய்க் காரை ஓரம் கட்டினார். அப்போது எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், மஞ்சள் துணி, கஞ்சி ஊட்டும்போது பிடுங்கியது, எல்லாம்.

“நான் ஈ கழுத்தக் கட்டினேன், முருகன் எம் புள்ள கழுத்தக் கட்டிட்டாரு சார்.”

வால்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். வேண்டுதல் முடி என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

“இவன் பொறந்தப்ப அழுதானா?”

“தட்டினப்ப ஒரு முனகல் முனகினான்.”

“உடம்பு மஞ்சளா இருந்துச்சா?”

“ஆமா சார், ரொம்ப நாளைக்கு மஞ்சளா இருந்தான். வெயில்ல காட்டச் சொன்னாங்க.”

“பால் குடிக்கிறதுக்கு?”

“எழுப்பி எழுப்பிக் குடுக்கணும்.”

“அதெல்லாம் இதோட அடையாளம்னு டாக்டர் சொன்னாங்க. அப்ப நீங்க ஈ அறைப் பக்கமே வந்ததில்ல, குணவதி. வயித்துல இருக்கும்போதே இவனுக்கு அந்தச் சுரப்பி சரியில்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது உங்க கணக்கு சார். முருகன் கணக்கு எனக்குத் தெரியலையே.”

“அந்தக் கணக்கு எனக்கும் தெரியாது” என்றார் வால்டர். “மாத்திரை தெரியும். நம்ம ஈயில ஒண்ணு பாத்தோமில்ல? கட்டின ஈக்கு, கறுத்துக்கிட்டிருக்கிற இன்னொரு ஈயோட ரத்தத்துல ஒரு துளி எடுத்து ஊசியில ஏத்தினேனே, என்ன ஆச்சு?”

“கறுத்துச்சு.”

“கட்டு அப்படியே இருந்துச்சு, ஆனாலும் கறுத்துச்சு. வராத உத்தரவ வெளிய இருந்து குடுத்தோம். மனுசனுக்கும் தலையில இருந்து ஒரு பாசிச் சரம் கழுத்துக்கு வந்து, ‘உன் வேலையச் செய்’னு சொல்லும். கழுத்து வேற ஒரு சரக்க உடம்பு பூரா அனுப்பும். இவன் தலை கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு. பதில் சொல்ல வேண்டிய எடத்துல ஆள் இல்ல. அந்தச் சரக்குதான் இந்த மாத்திரை. தினம் குடுக்கணும், ஆயுசுக்கும். ஒரு நாள் தள்ளினாலும் அந்த அளவுக்கு மூளைக்கு நட்டம். இப்பவே தாமதம்னு டாக்டர் சொன்னாங்க. நடப்பான், பேசுவான். படிப்பு எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

மாத்திரைப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு குணவதி வீட்டுக்கு வந்தாள்.

இருளப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான்.

“சித்திரைக்கு முடி எறக்கிட்டுக் குடுப்போம்.”

“ஏங்க, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதுன்னு சொன்னாங்க.”

“நான் டாக்டரத் தப்பாச் சொல்லல. இவனக் குடுத்தது முருகன். முடி எறக்குறேன், நடக்க வையின்னு நான் அவரு வாசல்ல நின்னு கேட்டிருக்கேன். நடுவுல நான் மாத்திரையக் குடுத்தா, ஒன்னய நம்பலன்னு சொன்ன மாதிரி ஆவுதில்ல? மத்தத ரெண்டையும் பறிகொடுத்துட்டு நிக்கிறோம், புள்ள. இவன வச்சு நான் வெளையாடமாட்டேன்.”

அவன் பயம் அவளுக்குப் புரிந்தது. தன்னுடையதும் அதே பயம்தான். சித்திரைக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதையும் மறைத்து, இதையும் மறைத்து, எத்தனை நாள் மறைப்பது? பிள்ளை சுவரில் சாய்ந்து, நாக்கு வெளியே தெரிய, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். குணவதி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீங்க சித்திரைக்குக் காத்திருக்கத் தேவையில்லங்க. அந்த வேண்டுதல நான் எப்பவோ கெடுத்துட்டேன்.”

இருளப்பன் நிமிர்ந்தான்.

சொன்னாள். இந்த முறை அழவில்லை. பின்னந்தலை முடியை விலக்கி, பிடுங்கிய இடத்தையும் காட்டினாள். “தப்பு என்னுது. சாமி கேட்டா நான் பதில் சொல்றேன். நீங்க அவரோட பேசின பேச்சு இனி செல்லாது. செல்லாத பேச்சுக்காகப் புள்ளையக் காக்க வைக்காதீங்க. மாத்திரையக் குடுங்க.”

அவன் அவளை அடித்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் எழுந்து வெளியே போனான். குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, விளக்கேற்றி, சாமி படத்தின் முன் கைகூப்பி நின்றான். என்ன சொன்னானோ, அவனுக்கும் அவருக்கும்தான் தெரியும். பிறகு படத்துக்குப் பின்னாலிருந்து புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“எவ்வளவு?”

“பாதி. பொடியாக்கித் தண்ணியில.”

அவனே கரண்டியில் நசுக்கி, பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஊட்டினான். கரண்டியைக் கழுவி வைத்த பிறகுதான் அவளைப் பார்த்தான்.

“அந்த முடியெல்லாம் எங்க இருக்கு?”

“ஈ கழுத்துல.”

“கொண்டாந்துடு. அது அவரோடது.”

அந்த வாரம் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை.

கட்டிய ஈக்களில் முதலில் கட்டியவற்றை எரித்துவிட்டிருந்தார்கள். மிச்சத்தை வால்டர் ஸ்பிரிட் புட்டியில் போட்டு வைத்திருந்தார். காரணத்தைக் கேட்டதும், அவர் மறுபேச்சில்லாமல் புட்டியை எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்த பிறகு குணவதியும் அக்னஸும் பூதக்கண்ணாடியும் ஊசியுமாக உட்கார்ந்து, செத்த ஈக்களின் கழுத்திலிருந்து முடிச்சுகளை அவிழ்த்தார்கள். கட்டுவதைவிட அவிழ்ப்பது கடினமாக இருந்தது. இழுத்தால் அறுந்தது. நனைத்து, பொறுமையாக, ஊசி முனையை உள்ளே விட்டு நெகிழ்த்த வேண்டியிருந்தது.

“மாதாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்களோ, நான் இங்க உக்காந்து முருகனுக்கு முடி அவுத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் அக்னஸ்.

“அவங்களும் புள்ள பெத்தவங்கதானே. ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அக்னஸ் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “சாருக்கு இனிமே என் நைலக்ஸ் சேலையில இருந்து ஒரு இழை உருவித் தர்றேன். அதுக்கு எந்தச் சாமியும் கேக்காது லா” என்றாள். உண்மையாகவே மறுவாரம் ஒரு பழைய நைலக்ஸ் சேலையைக் கொண்டுவந்து போட்டாள். அதில் பிரித்த இழை வழுக்கியது. ஆனாலும் வால்டர் அதிலேயே கட்டிப் பழகிக்கொண்டார்.

அவிழ்த்த முடிகள் சுருண்டு, ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு மடிப்போடு இருந்தன. தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். இருளப்பன் அதை மஞ்சள் துணிக்குள் சேர்த்து முடிந்தான்.

மாத்திரை தொடங்கிச் சில வாரத்திலேயே பிள்ளையின் தோலில் சூடு வந்தது. நாக்கு உள்ளே போனது. ராக்காயி ஆயா, “என்னடி இவன் வச்ச எடத்துல இருக்கமாட்டேங்கிறான், தவந்து வாசலுக்குப் போறான்!” என்று புகார் சொன்னபோது குணவதி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தை பிறக்கும்போது, ஆயாக் கொட்டகையின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று இருளப்பன் பால் வாளியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. பிள்ளை விழுந்துவிடுவானோ என்று மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தபின், “காப்பி இருக்கா, புள்ள?” என்று கேட்டான். பழைய குரல். அவனுக்குள் இருந்த கோபம் இறங்கிவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

சித்ரா பௌர்ணமிக்குச் சுங்கைப்பட்டாணிக் கோயிலில் எள் போட இடமில்லை. முடி இறக்குகிற கொட்டகையில் வரிசை நீண்டிருந்தது. அவர்கள் முறை வந்ததும், பிள்ளையை இருளப்பன் மடியில் வைத்து, தலையில் தண்ணீர் தெளித்தார்கள். குணவதி கைகூப்பியபடி நின்றாள். அவள் நெஞ்சில் இன்னும் அந்தப் பயம் இருந்தது. குறைந்த முடியைப் பார்த்து முருகன் என்ன செய்வார்? வாங்கிக்கொள்வாரா, தள்ளிவிடுவாரா?

கத்தி தலையில் பட்டது.

குழந்தைவேலு அழுதான்.

முனகல் இல்லை. தொண்டை திறந்து, முகம் சிவந்து, கால்களை உதைத்துக்கொண்டு, மேளச் சத்தத்தையும் மீறி வீறிட்டான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “யப்பா, என்னா கொரலு!” என்று யாரோ சிரித்தார்கள். முடி எடுக்கிறவர், “புள்ளையப் பிடிங்கண்ணே, பிடிங்க, கத்தி பட்டுரும்” என்று சத்தம் போட்டார். இருளப்பன் இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்திருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் பிள்ளையின் பாதி மழித்த தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அழுடா. நல்லா அழு. நல்லா அழுடா, எஞ்சாமி.”

குணவதி மஞ்சள் துணியை அவிழ்த்து, சீப்பு முடியையும் தீப்பெட்டி முடியையும், இறக்கிய முடியோடு சேர்த்து வைத்தாள். முருகன் வாங்கிக்கொண்டார் என்று அவள் நம்பினாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்கவே இல்லை.

முழுசாக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தாமதமாகத் தொடங்கிய மருந்து, கடந்துபோன நாட்களைத் திருப்பித் தரவில்லை. குழந்தைவேலு நடந்தான், ஓடினான், பேசினான். பள்ளிக்கூடத்தில் எழுத்து அவன் கையில் நிற்கவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் ஏறிப் போனார்கள். அவன் பின்னாலேயே இருந்தான். எண்பதுகளின் நடுவில் ஆராய்ச்சி நிலையத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். வால்டர் சார் குடும்பத்தோடு போய்விட்டார். அக்னஸ் கலியாணமாகிக் கோலா கெத்தில் பக்கம் போனாள். குணவதி கொய்யாத் தோப்பிலேயே பழம் பொறுக்குகிற வேலையில் தங்கிவிட்டாள். புழு விழுந்த பழத்தைப் பிளக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் நிதானிக்கும்.

ஒவ்வொரு நாளும் காலையில் இருளப்பன் திருநீறு பூச, குணவதி மாத்திரையைக் கொடுப்பாள். ஒவ்வொரு நாளும் குழந்தைவேலு அதே கேள்வியைக் கேட்பான். நேற்றுக் கேட்டது அவனுக்கு ஞாபகம் இருக்காது. அவள் முகம் சுளித்ததே இல்லை.

“இது எதுக்கும்மா?”

“ஒந்தலை சொல்றது ஒடம்புக்குக் கேக்கணும்ல, ராசா. அதுக்கு.”

அவன் மாத்திரையை விழுங்கி, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டுப் பார்ப்பான்.

“கேக்குதும்மா” என்பான்.